பாக்கியா, இருப்பா?

தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு. கையில் உள்ள பணத்தை 'இருப்பு' என்கிறோம். கொடுக்க வேண்டிய பணத்தை 'பாக்கி' என்கிறோம். மளிகைக்கடை நோட்டில் 'பாக்கி 840' என்று எழுதியிருந்தால், அடடா, நமக்கு 840 ரூபாய் இருக்கிறது என்று எந்தப் பெண்ணும் சந்தோஷப்பட மாட்டாள். ஆங்கிலத்தில் பாருங்கள், இரண்டுக்கும் 'பாலன்ஸ்'தான்! வங்கி பாஸ்புத்தகத்திலும் பாலன்ஸ், கிரெடிட் கார்டிலும் பாலன்ஸ். முன்னது நம்முடையது, பின்னது நாம் வங்கிக்குக் கொடுக்க வேண்டியது. இந்த ஒரு சொல் என் நாத்தனார் மகளைப் படுத்திய பாட்டைத்தான் எழுதப் போகிறேன். கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு உடனே உபயோகப்படும். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு படிக்கிற சகோதரிகளும் படித்து வையுங்கள். பிள்ளைகள் வளர எத்தனை நாள் ஆகிறது!

என் நாத்தனாருக்கு மணப்பாறையில் வீடு. கணவர் தவறி ஆறு வருஷமாகிறது. தையல் மெஷினை மிதித்தே இந்தப் பெண்ணைப் படிக்க வைக்கிறாள். பெண் திருச்சியில் பி.காம். கடைசி வருஷம், ஹாஸ்டல் வாசம். ஞாயிற்றுக்கிழமைகளில் உறையூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஹாஸ்டல் சாம்பாரின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை!

2025 மே மாதம் நாத்தனாருக்குச் சீட்டுப் பணம் வந்தது. மகள் மேலே படிக்க உதவட்டும் என்று 30,000 ரூபாயை மகள் பெயரிலேயே ஃபிக்ஸட் டெபாசிட் போட்டாள். வங்கியில் இருந்தவர், "இந்த டெபாசிட்டின் பேரில் உங்க பெண்ணுக்கு ஒரு கிரெடிட் கார்டு தரலாம்மா, காலேஜ் பிள்ளைகளுக்கு உபயோகமா இருக்கும்" என்றாராம். சம்பளச் சீட்டுக் கேட்காமல், டெபாசிட்டை ஈடாக வைத்துக்கொண்டு கொடுக்கிற கார்டு இது. பதினெட்டு வயது நிரம்பினால் போதும். டெபாசிட்டில் முக்கால் பங்கோ அதற்குச் சற்று மேலோ செலவழிக்க அனுமதிப்பார்கள். இவளுக்குக் கிடைத்தது 24,000. கெட்ட ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கட்டாமல் விட்டால் வங்கி அந்த டெபாசிட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அதாவது, அந்தச் சின்ன அட்டைக்குப் பின்னால் நின்றது நாத்தனாரின் சீட்டுப் பணம்.

ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டானதும் பெண் செல்போனை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, ஒரு கணக்கு இடிக்குது. இதுல என் பணம் ஐயாயிரம் இருந்துது. தொள்ளாயிரத்துக்கு ஒரு புத்தகம் வாங்கினேன். நாலாயிரத்து நூறு இருக்கணும் இல்லியா? ரெண்டாயிரத்து நானூத்தி எண்பத்தேழுதான் காட்டுது. யாரோ என் பணத்தை எடுத்திருக்காங்க!"

திருட்டுதான் நடந்திருக்கிறது என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. மறுநாள் புகார் கொடுப்பதாகக்கூட இருந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். அந்த எண்ணுக்கு மேலே பொடி எழுத்தில், இன்னும் எவ்வளவு செலவழிக்கலாம் என்று பொருள்படும்படி எழுதியிருந்தது. அவள் அதை இருப்பு என்று நினைத்திருக்கிறாள். இருப்பே கிடையாது, கண்ணே! அது இன்னும் வாங்காத கடன். அண்ணாச்சி, "இன்னும் ஆயிரம் ரூபாய்க்குச் சாமான் எடுத்துக்கலாம்மா" என்று சொன்னால், நம் சுருக்குப்பையில் ஆயிரம் ரூபாய் ஏறிவிட்டது என்றா அர்த்தம்?

பி.காம். படிக்கிற பெண். ஐந்தொகை போடத் தெரியும், பற்று வரவு தெரியும். ஆனால் அது பாடம். இது பர்ஸில் இருக்கிற அட்டை. இரண்டையும் சேர்த்து அவளுக்கு யாரும் காட்டவில்லை. நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவள். ஆனாலும் அரிசி மண்டிக் கணக்குப்பிள்ளை மகள். வட்டி என்றால் எனக்குக் காது தானாக நிமிரும்.

"யாரும் எடுக்கல. நீ எதுக்கெல்லாம் தேய்ச்சே, முதல்லேர்ந்து சொல்லு" என்றேன்.

விஷயம் இதுதான். ஜூன் 14ஆம் தேதி, டாலி பழகவும் பிராஜெக்ட் எழுதவும் என்று 20,000 ரூபாய்க்கு ஒரு பழைய லேப்டாப் வாங்கியிருக்கிறாள். அம்மாவிடம் சொல்லவில்லை. ஜூலை 12ஆம் தேதி கார்டுக் கணக்கு வந்தது. மொத்தம் கட்ட வேண்டியது 20,000, குறைந்தபட்சம் கட்ட வேண்டியது 1,000, கடைசித் தேதி ஆகஸ்ட் 1. இரண்டு எண்ணும் அருகருகே. இவள் எதைப் பிடித்துக்கொண்டிருப்பாள்? ஆயிரத்தைத்தான்! பத்தாம் வகுப்புப் பையன்களுக்கு ட்யூஷன் எடுத்துச் சேர்த்த காசிலிருந்து ஆகஸ்ட் 1 அன்று சரியாக ஆயிரம் ரூபாய் கட்டிவிட்டாள். மாசம் ஆயிரம், இருபது மாசத் தவணை, முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். கார்டு கொடுக்கும்போது, "மாசம் மினிமம் கட்டினாப் போதும்" என்று சொன்னார்களாம். பொய் சொல்லவில்லை. பாதியைச் சொன்னார்கள்.

மினிமம் கட்டினால் என்ன நடக்கும்? தாமதக் கட்டணம் விழாது. கடன் கட்டாதவர் என்று பெயர் கெடாது. அவ்வளவுதான். வட்டி நிற்காது. இதைத்தான் நம் பிள்ளைகளுக்கு யாரும் புரியும்படி சொல்வதில்லை.

சரி, வட்டி எவ்வளவு? கணக்குத் தாளின் பின்பக்கத்தில் 'மாதத்துக்கு 3.5 சதவீதம்' என்று போட்டிருந்தது. சதவீதம் என்றால் என்னவோ பரீட்சை மார்க் மாதிரி சாதுவாக இருக்கிறது. அதையே நம் ஊர்ப் பேச்சில் சொல்லிப் பாருங்கள்: மூணரை வட்டி! நூறு ரூபாய்க்கு மாசம் மூணரை ரூபாய். தெருக்கோடியில் ஒருவர் மூணரை வட்டிக்குக் கொடுக்கிறார் என்றால் அந்தப் பக்கமே போகாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்வோம், இல்லையா? வருஷத்துக்கு 42 சதவீதம். இதைச் சொன்னதும் பெண்ணின் முகம் மாறிவிட்டது.

"இவ்வளவு வாங்கலாமா அத்தை? சட்டம் கிடையாதா?" என்றாள்.

30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வியாபாரம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. ஆகவே அந்த 30 சதவீத வேலி இப்போது இல்லை. கார்டு வாங்குகிறவர்தான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

பழைய டைரி ஒன்றை எடுத்து, அவளையே கணக்குப் போடச் சொன்னேன். நான் போட்டுக் கொடுத்தால் மண்டையில் ஏறாது.

வட்டி எந்தத் தேதியிலிருந்து? இங்கேதான் அவள் திகைத்துப் போனாள். ஆகஸ்ட் 1க்குப் பிறகுதானே வட்டி என்று 19,000க்குச் சில நாள் கணக்குப் போட்டாள். இல்லை. மொத்தத்தையும் கட்டியிருந்தால் ஒரு பைசா வட்டி கிடையாது. மொத்தத்தைக் கட்டாமல் விட்டால், லேப்டாப் வாங்கிய ஜூன் 14க்கே வட்டி பின்னோக்கிப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஜூன் 14 முதல் ஜூலை 31 வரை 48 நாள், முழு 20,000க்கு: 1,105 ரூபாய். ஆகஸ்ட் 1 முதல் அடுத்த கணக்குத் தேதியான 12 வரை 12 நாள், 19,000க்கு: 262 ரூபாய். கூட்டினால் 1,367. இந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., அது 246. ஆக மொத்தம் 1,613.

அவள் தேடிய 'திருடன்' அகப்பட்டுவிட்டான்! ஐயாயிரம் குறைந்தது அந்த 1,613தான். ஆயிரம் ரூபாய் கட்டினாள். பாக்கி 19,000 ஆகக் குறைந்ததாக நினைத்தாள். ஆனால் ஆகஸ்ட் 12ஆம் தேதிக் கணக்கில் பாக்கி 20,613. கட்டிய பிறகு கடன் ஏறியிருக்கிறது.

பேனாவை வைத்துவிட்டாள். கண் கலங்கிவிட்டது. "ஒரு மாசம் பூரா ட்யூஷன் எடுத்தேன் அத்தை" என்றாள். நான் ஒன்றும் சொல்லாமல் காப்பி போட எழுந்தேன். சில சமயம் அடுக்களைப் பக்கம் போய்விடுவதே நல்லது.

காப்பிக்குப் பிறகு இன்னொரு கணக்கும் போட்டோம். புதிதாக எதுவும் வாங்காமல், மாசம் ஆயிரமே கட்டிக்கொண்டு போகிறாள், வங்கியும் ஒப்புக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20,000க்கு மாச வட்டி 700, வரி 126. ஆயிரத்தில் 826 அதற்கே போய்விடுகிறது. அசலில் கழிவது 174 ரூபாய்! இப்படியே போனால் கடன் தீர 43 மாசத்துக்கு மேல் ஆகும். கட்டும் தொகையும் 43,000ஐத் தாண்டும். அதையே மாசம் இரண்டாயிரமாகக் கட்டினால் 13 மாசத்துக்குச் சற்று மேலே, சுமார் 26,000 ரூபாயில் முடிந்துவிடும். தொகை இரண்டு மடங்கு, காலம் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அவளுக்கு இது வேடிக்கையாக இருந்தது. கூட்டுவட்டி சூத்திரம் பரீட்சையில் எழுதியதுதானே!

மினிமம் தொகை வட்டியைக்கூட ஈடு செய்யாமல் கடன் வளர்ந்துகொண்டே போகும்படி இருக்கக் கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி விதி செய்தது. மினிமம் மட்டும் கட்டினால் கடன் தீர மாதங்கள், வருஷங்கள் ஆகும் என்ற எச்சரிக்கையையும் கணக்குத் தாளில் அச்சிடச் சொன்னது. பெண்ணின் தாளிலும் அது இருந்தது. மூன்றாம் பக்கத்தில். இவள் முதல் பக்கத்தோடு மூடிவிட்டாள்.

அந்த 900 ரூபாய்ப் புத்தகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 20 அன்று வாங்கியது. கார்டில் வாங்கினால் ஐம்பது நாள்வரை வட்டி இல்லை என்கிறார்களே, அது பழைய பாக்கி துளியும் இல்லாதவர்களுக்குத்தான். இவள் கணக்கு 12ஆம் தேதி முடிகிறது. 13ஆம் தேதி வாங்கினால் அடுத்த மாசக் கணக்கில் வந்து, அதற்கடுத்த 1ஆம் தேதி கட்டலாம். ஏறக்குறைய ஐம்பது நாள் ஆகிறது. 11ஆம் தேதி வாங்கினால் மூன்று வாரம்தான். ஆனால் பாக்கி வைத்திருக்கிறவருக்கு இந்தச் சலுகையே கிடையாது. புத்தகத்துக்கு வாங்கிய அன்றிலிருந்தே வட்டி. தொகை சிறியதுதான். இருந்தாலும் இதைக் கேட்டதும் பெண், "அப்ப நான் டீ குடிச்சாலும் வட்டியா?" என்றாள். ஆமாம், டீக்கும்தான்.

சரி, எப்படித் தீர்ப்பது? ஆகஸ்ட் 12ஆம் தேதிக் கணக்குப்படி 20,613, புத்தகம் 900, ஆக 21,513. அவளிடம் இருந்தது 3,513. டெபாசிட்டை உடைக்கலாம், டெபாசிட்டுக்கு வருகிற வட்டியைப்போல ஐந்தாறு மடங்கு கார்டுக்குப் போகிறது என்பதால் கணக்குப்படி அதுவும் சரிதான். ஆனால் அது நாத்தனார் கண்விழித்துத் தைத்துச் சேர்த்த பணம். அவளுக்குத் தெரியாமல் தொட எனக்கு மனசு வரவில்லை. நகையை வைத்தாலும் இந்த மூணரை வட்டிக்கு எவ்வளவோ மேல். கடைசியில் அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த என் சிறுவாட்டுப் பணத்தை எடுத்தேன். பதினெட்டாயிரம். வீட்டுக்காரருக்கு இதைப் படித்தால்தான் தெரியும்!

வட்டி வேண்டாம், மாசம் 1,500 வீதம் பன்னிரண்டு தவணை, டைரியில் எழுதிக் கையெழுத்துப் போடு என்றேன். இன்னொரு நிபந்தனையும் வைத்தேன். "அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும். இன்னிக்கே."

அதற்கு மட்டும் தயங்கினாள். லேப்டாப் வாங்கியதைவிட, சொல்லாமல் மறைத்தது அவளை உறுத்திக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன். மாடிப்படியில் உட்கார்ந்து கால் மணி நேரம் போனில் பேசினாள். நான் கீழே துணி மடித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது, "அம்மா என்ன சொன்னாங்க?" என்றேன்.

"கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசல அத்தை. அப்புறம், லேப்டாப் நல்லா ஓடுதாடின்னு கேட்டாங்க."

என் நாத்தனார் அப்படித்தான். மறுநாள் எனக்குப் போன் செய்து, "அண்ணி, பன்னிரண்டு தவணையும் அவளே கட்டட்டும், நான் குறுக்கே வர மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

அன்றே முழுசும் கட்டியாயிற்று. செப்டம்பர் 12ஆம் தேதிக் கணக்கு வந்ததும் மறுபடி அலறிக்கொண்டு போன். "எல்லாத்தையும் கட்டிட்டோமே, இன்னும் முந்நூறு ரூபாய்க்குப் பக்கத்தில போட்டிருக்காங்க!" இது தவறு அல்ல. ஆகஸ்ட் 13 முதல் பணம் கட்டின நாள்வரை ஓடிய வட்டி, கணக்குத் தாளில் ஏறாமல் பின்தங்கி நின்றது. முழுசும் கட்டிய அடுத்த மாசம் இப்படி ஒரு வால் வரும். அதைச் சில்லறைதானே என்று விட்டுவிடக் கூடாது. அதையும் கட்டினாள். அக்டோபர் கணக்கில் பழைய வட்டி எதுவும் இல்லை.

கார்டை வெட்டிப் போட்டுவிடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். இதில் என்னோடு ஒத்துப்போகாதவர்கள் இருப்பார்கள். என் வீட்டுக்காரரே ஒத்துக்கொள்ளவில்லை. எனக்குத் தோன்றியது இது: அடுத்த வருஷம் எம்.பி.ஏ.வுக்குக் கல்விக்கடன் கேட்கப் போகிறவள். கடன் கேட்டால் 'சிபில்' போன்ற நிறுவனங்கள் கொடுக்கிற மதிப்பெண்ணை வங்கி பார்க்கும். 300 முதல் 900 வரை. காலத்தில் ஒழுங்காகக் கட்டிய கார்டு அதில் நல்ல சாட்சி. தேதி தவறிய கார்டு கெட்ட சாட்சி. கெடு தாண்டி மூன்று நாளுக்கு மேலானால்தான் தாமதம் என்று எழுதலாம் என்பது விதி. அந்த மூன்று நாளை நம்பி உட்கார்ந்திருப்பதும் அழகல்ல.

ஆகவே கார்டு இருக்கிறது. ஒரு மாற்றம் செய்திருக்கிறாள். சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகவே பணம் போகும்படி ஏற்பாடு செய்யலாம். அதில் 'குறைந்தபட்சம்', 'மொத்தம்' என்று இரண்டு கட்டம் இருக்கும். முன்பு குறைந்தபட்சத்தில் குறி போட்டிருந்தாள். இப்போது மொத்தத்தில் போட்டிருக்கிறாள். செல்போனில் அந்த 'இன்னும் செலவழிக்கலாம்' எண்ணைப் பார்ப்பதே இல்லையாம். பேனாவால் கார்டின் உறை மேல் 'பாக்கி' என்று எழுதி வைத்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பாக வந்தது.

என் டைரியில் நாலு தவணை ஏறிவிட்டது. நாலாவது தவணையைக் கொடுக்க வந்தபோது ஹாஸ்டலில் ஒரு தோழியைப் பற்றிச் சொன்னாள். அவளிடமும் ஒரு கார்டு. அவசரத்துக்கு அதைப் போட்டு ஏ.டி.எம்.மில் ஐயாயிரம் ரொக்கம் எடுத்திருக்கிறாள். ரொக்கம் எடுத்தால் ஐம்பது நாள் சலுகை எவருக்கும் கிடையாது. எடுத்த நிமிஷத்திலிருந்து வட்டி, எடுத்ததற்குத் தனியாகக் கட்டணம், இரண்டின் மேலும் வரி. "அவளுக்கு நானே சொல்லிட்டேன் அத்தை. உடனே கட்டுடின்னு. ஆனா கணக்கு முழுசா வரல, நீங்க ஒரு தடவை பாருங்க" என்றாள்.

அந்தப் பெண்ணை அடுத்த ஞாயிறு சாப்பாட்டுக்கு அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன். கணக்குத் தாளின் எல்லாப் பக்கங்களையும் எடுத்து வரும்படி.